திருவாளர் ஆல்பர்ட் பேக்கரின் கல்யாண வழக்கு

விக்டோரியா மகாராணி காலத்து இங்கிலாந்தில் சொந்தப் பெயரோடு நடமாடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் போலிருக்கிறது. பிரான்டே சகோதரிகள் மூன்று பேரும் 'பெல்' என்று குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டு, கரர், எல்லிஸ், ஆக்டன் என்று ஆணா பெண்ணா தெரியாத பெயர்களில் புத்தகம் போட்டார்கள். மேரி ஆன் எவன்ஸ் என்கிற பெண்மணி ஜார்ஜ் எலியட் ஆனார். ஆக்ஸ்ஃபோர்டில் கணக்கு வாத்தியாராக இருந்த சார்லஸ் டாட்ஜ்சன், லூயிஸ் கரோல் என்று பெயரை மாற்றிக்கொண்ட பிறகுதான் ஆலிஸை முயல் வளைக்குள் இறக்கிவிட்டார். டிக்கன்ஸ்கூட 'போஸ்' என்று கையெழுத்துப் போட்டுத்தான் பிழைப்பைத் தொடங்கினார். ரங்கராஜன் தன் மனைவி பெயரில் சுஜாதாவாகி எழுதித் தள்ளியதைப் பார்த்த நமக்கு இதெல்லாம் பெரிய அதிசயமில்லை.

ஆனால் அந்தக் காலத்துப் புனைபெயர்களிலேயே வரலாற்றில் கனமாக விழுந்தது எது என்று கேட்டால், நான் ஜார்ஜ் எலியட்டைச் சொல்லமாட்டேன். 'ஆல்பர்ட் பேக்கர்' என்பேன். இந்தப் பேக்கர் ஒரு நாவல் எழுதியதில்லை, கவிதை எழுதியதில்லை. அவர் பெயரால் நடந்தது ஒரே ஒரு வழக்கு. அந்த வழக்கால் ஜொகூருக்கு ஒரு சான்றிதழ் கிடைத்தது. எந்தப் போரில் ஜெயித்திருந்தாலும் அவ்வளவு அழகாகக் கிடைத்திருக்காது. பேக்கரின் அசல் பெயர் அபு பக்கார். தொழில், ஜொகூர் சுல்தான்.

ஜொகூரில் உட்கார்ந்துகொண்டு அரண்மனையைப் பற்றி எழுதும்போது கை கொஞ்சம் நடுங்குவது இயல்பு. ஆனால் நடந்த விஷயம் முழுக்க லண்டன் நீதிமன்றத்தில் பதிவாகி, சட்டக் கல்லூரிகளில் பாடமாகிவிட்டது. தவிர, இந்தக் கதையில் அசடு வழிபவர் சுல்தான் இல்லை. அந்தப் பாத்திரத்தை ஏற்றவர்கள் வெள்ளைக்காரர்கள்.

முதலில், சுல்தான் எப்படிச் சுல்தான் ஆனார் என்று பார்த்துவிடலாம்.

அபு பக்கார் 1833இல் சிங்கப்பூரில் தெலுக் பிளாங்காவில் பிறந்தார். அவருடைய அப்பா டாயிங் இப்ராகிம் சுல்தான் இல்லை, தெமெங்கோங். சட்டம் ஒழுங்கைப் பார்த்துக்கொள்கிற பெரிய அதிகாரி என்று வைத்துக்கொள்ளலாம். சுல்தான் வேறு ஒருவர் இருந்தார், பெயர் அலி. 1855இல் ஆங்கிலேயர் இந்த இரண்டு பேரையும் உட்காரவைத்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். அலிக்குச் சுல்தான் பட்டம், மூவார் பக்கம் கொஞ்சம் நிலம், ரொக்கமாக ஐயாயிரம் ஸ்பானிய டாலர், மாதம் ஐந்நூறு. தெமெங்கோங்குக்கு மிச்சமிருந்த ஜொகூர் முழுவதும். பட்டம் ஒருவருக்கு, நாடு இன்னொருவருக்கு! பாகப்பிரிவினையில் யார் விவரமானவர் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

தெமெங்கோங்குக்கு நிலத்தை வைத்துக் காசு பண்ணத் தெரியும். 1840களில் ஐரோப்பாவுக்கு ஒரு மரப்பிசின் பைத்தியம் பிடித்தது. கட்டாபெர்ச்சா என்று பெயர். சூடுபடுத்தினால் இளகும், ஆறினால் கல்லாகும், கடலுக்கடியில் கிடந்தாலும் கெட்டுப்போகாது. கோல்ஃப் பந்து செய்தார்கள். அப்புறம் கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறை போட்டார்கள். 1866இல் அட்லாண்டிக்கைத் தாண்டிய கம்பிக்கும் இந்தப் பிசின்தான் மேல்தோல். லண்டன் பங்குத் தரகர் நியூயார்க் விலையைக் கண்மூடித் திறப்பதற்குள் தெரிந்துகொண்டார் என்றால், அதற்காக மலாய்க் காடுகளில் எங்கோ ஒரு மரம் வெட்டிச் சாய்க்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். பால் வடிக்கப் பொறுமை இல்லாமல் மரத்தையே வெட்டினார்கள். சிங்கப்பூர் பிசின் வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு பணம் பார்த்தவர் தெமெங்கோங் இப்ராகிம்.

மரம் தீர்ந்துபோனதும் கம்பிர் வந்தது. வெற்றிலையோடு மெல்லுகிற அதே கம்பிர்தான். சீனர்கள் ஆற்றங்கரைகளில் காட்டை அழித்துக் கம்பிரும் மிளகும் போட்டார்கள். ஆற்றுக்கு ஒரு தலைவர், அவருக்குக் கங்ச்சூ என்று பெயர். இலையை வேகவைத்து இறுக்கிக் கட்டியாக்கினால் தோல் பதனிட உதவும். இங்கிலாந்துத் தோல் தொழிற்சாலைகள் அதை வாங்கிக் குவித்தன. டிக்கன்ஸ் எழுதிய சேற்றுத் தெருக்களில் அவருடைய பாத்திரங்கள் பூட்ஸ் போட்டு நடந்தார்களே, அவற்றில் சிலவாவது நம் ஊர் இலைச்சாற்றில் ஊறியவையாக இருக்கலாம். அபினி, சூதாட்டக் குத்தகை வருமானமும் கூடவே வந்தது. நாகரிகத்துக்கு அஸ்திவாரம் இப்படித்தான் போட்டார்கள். வெள்ளைக்காரனும் இப்படித்தான் போட்டான். அதைச் சொல்லிக்காட்ட மட்டும் அவனுக்குப் பிடிக்காது.

இனி நம்ம ஆள் ஒருவர் வருகிறார். வராமல் இருப்பாரா?

நாகூரில் ஒரு ஏமன் நாட்டு அரபியர் குடியேறி, தமிழ்ப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர்களுடைய பிள்ளைகளில் ஒருவர் மலாக்காவுக்குக் கப்பலேறி, மீரா லெப்பையின் மகள் பெரியாச்சியை மணந்தார். பெரியாச்சியின் பேரன்தான் முன்ஷி அப்துல்லா. நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை என்று மலேசியப் பாடப்புத்தகங்களில் படிக்கிறோமே, அவரே. மலாக்கா வணிகர்கள் கணக்கு வழக்கெல்லாம் தமிழில் வைத்திருந்ததால், சின்ன வயதில் அவரைத் தமிழும் படிக்கவைத்தார்கள். அப்புறம் ராஃபிள்ஸுக்கு எழுத்தராக இருந்தார். பாதிரிமார்களுக்கு மலாய் கற்றுக்கொடுத்தார்.

1838இல், லண்டனில் டிக்கன்ஸ் ஆலிவர் ட்விஸ்டைத் தொடராக எழுதி ஏழை விடுதிக் கஞ்சியைச் சந்தி சிரிக்க வைத்துக்கொண்டிருந்தபோது, அப்துல்லா கிளந்தானுக்குப் படகில் போனார். வழியெல்லாம் பார்த்த அழுக்கு, சேவல் சண்டை, அபினி, குடிமக்களை மிரட்டும் ராஜாக்கள் என்று ஒன்றையும் விடாமல் எழுதிவைத்தார். அரசர்களைப் புகழ்ந்தே பழகிய மொழியில் இது புதுசு. வெள்ளைக்காரர்களிடம் அவருக்கு இருந்த மயக்கத்தைச் சொல்லிக் குறை சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதில் நியாயமும் உண்டு. புகைக் கப்பலைப் பார்த்துவிட்டு அதற்கென்று தனியாக ஒரு புத்தகமே போட்டார் என்றால் பாருங்கள். ஆனாலும், ராஜா தப்பு செய்தால் தப்பு என்று அச்சிலேயே போட்ட அந்தத் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு போடலாம்.

அவருடைய சுயசரிதை 1849இல் சிங்கப்பூரில் கல்லச்சில் வந்தது. அச்சிட உதவியவர் பெஞ்சமின் கீஸ்பெரி என்கிற பாதிரியார். இதே கீஸ்பெரி நடத்திய மலாய்ப் பள்ளிக்கூடத்தில்தான் தெமெங்கோங்கின் பையன் அபு பக்காரும் படித்தான். அப்துல்லாவின் மகன் இப்ராகிம் முன்ஷி பிற்பாடு ஜொகூர் அரசில் உயர்ந்த அதிகாரியானார். தகப்பன் ராஜாக்களைத் திட்டி எழுதினார், மகன் ராஜாவிடம் வேலைக்குச் சேர்ந்தார். எந்தக் காலத்திலும் எழுத்தாளர் வீட்டு நிலவரம் இதுதான்.

அபு பக்கார் 1862இல் பதவிக்கு வந்தார். 1866இல் முதல்முறையாக இங்கிலாந்து போய் மகாராணியைப் பார்த்தார். கோட்டு, கையுறை, மேசைக் கரண்டி, குதிரைப் பந்தயம் எல்லாம் அவருக்குச் சட்டென்று படிந்துவிட்டது. லண்டன் பத்திரிகைகளுக்கு மூச்சு முட்டியது. காட்டுக்குள்ளிருந்து ஒரு காட்டுமிராண்டியை எதிர்பார்த்தவர்கள் முன்னால், அவர்களைவிட நன்றாகத் தைத்த சட்டையோடு ஒருவர் வந்து நின்றால் என்ன செய்வார்கள்? விருந்துக்குக் கூப்பிட்டார்கள்.

ஊர் திரும்பியவர் விக்டோரியா காலத்தை ஜொகூருக்கு இறக்குமதி செய்ய ஆரம்பித்தார். இஸ்கந்தர் புத்ரி என்றிருந்த ஊர் 1866இல் ஜொகூர் பாரு ஆனது. இஸ்தானா பெசார் எழும்பியது. 1869இல் ரயிலும் போட்டார்! ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் மலைக்கு ஒரு தண்டவாளம். ஆங்கிலேயனுக்கு மலைவாசஸ்தலம் இருந்தால் நமக்கும் ஒன்று வேண்டாமா? இரும்பு விலை அதிகம், மரமோ வாசலிலேயே கிடக்கிறது என்று தண்டவாளத்தை மரத்திலேயே செய்துவிட்டார்கள். ஜொகூர்க் கறையான்களுக்கு அதற்கு முன்னாலும் பின்னாலும் அப்படி ஒரு விருந்து கிடைத்ததில்லை. ரயில் மலைக்குப் போய்ச் சேரவே இல்லை. சிரிக்கிறவர்கள் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளலாம்: மலாய் மாநிலங்களில் ஆங்கிலேயன் முதல் ரயில் விட்டது 1885இல். முயற்சியில் சுல்தான் பதினாறு வருஷம் முந்திக்கொண்டார்.

தெமெங்கோங் என்ற பட்டம் லண்டன் விருந்துகளில் யார் நாக்கிலும் புரளவில்லை. ரியாவுக்கு ஆள் அனுப்பி, அங்கே பெரிய பண்டிதரான ராஜா அலி ஹாஜியிடம் வம்சாவளி விசாரித்து, 1868இல் மகாராஜா ஆனார். சுல்தான் அலி 1877இல் இறந்ததும் மூவாரும் கைக்கு வந்தது. மிச்சம் சுல்தான் பட்டம் ஒன்றுதான்.

1885ஆம் ஆண்டு வந்தது. சிங்கப்பூர் ஆளுநர் ஃபிரெடரிக் வெல்டுக்கு இந்த மகாராஜா கொஞ்சம் அதிகமாகவே சுதந்திரமாக இருப்பதாகப் பட்டது. பேராக், சிலாங்கூரில் உட்கார்ந்திருந்ததைப் போல இங்கேயும் ரெசிடெண்ட் என்கிற ஆங்கிலேய அதிகாரி ஒருவரை உட்காரவைத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தவிப்பு. மகாராஜா ஆளுநரோடு மல்லுக்கட்டவில்லை. நேரே லண்டனுக்குப் போய், குடியேற்ற அமைச்சகத்தில் வெல்டின் மேலதிகாரிகளோடு பேசினார். டிசம்பர் 11ஆம் தேதி ஒப்பந்தம் கையெழுத்தானது. அவரைச் சுல்தான் என்று பிரிட்டன் ஒப்புக்கொண்டது. பதிலுக்கு வெளிநாட்டு விவகாரங்கள் பிரிட்டன் கையில். பிரிட்டிஷ் ஏஜெண்ட் ஒருவரை வைக்கலாம் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. சுல்தான் தான் இருந்தவரை அப்படி ஒருவர் வந்து உட்காராமல் பார்த்துக்கொண்டார். வெல்டுக்கு வயிறு எரிந்திருக்கும்.

இவ்வளவும் ஆவணங்களில் இருக்கிற 1885. வழக்கில் சொல்லப்பட்ட 1885 இன்னொன்று இருக்கிறது.

ஜென்னி மிகெல் என்கிற ஆங்கிலேயப் பெண் சொன்னது இது. அந்த ஆண்டில் ஆல்பர்ட் பேக்கர் என்கிற கனவானோடு தனக்குப் பழக்கம் ஏற்பட்டது. கல்யாணம் செய்துகொள்வதாக வாக்குக் கொடுத்தார். செய்துகொள்ளவில்லை. பேக்கர் சாதாரணப் பிரஜை என்று நம்பியிருந்தேன். பார்த்தால் ஜொகூர் சுல்தானாம்!

பெயர் வைத்த விதத்தைக் கவனியுங்கள். அபு பக்காருக்கு ஆல்பர்ட் பேக்கர். முதலெழுத்து இரண்டும் மாறவில்லை, கைக்குட்டையில் தைத்த எழுத்தைக்கூடப் பிரிக்க வேண்டியதில்லை. போதாததற்கு ஆல்பர்ட் என்பது மகாராணியின் மறைந்த கணவர் பெயர்.

சரியாக அதே சமயத்தில் ஸ்டீவன்சன் என்கிற எழுத்தாளர் ஒரு சின்ன நாவலை முடித்துக்கொண்டிருந்தார். பகலில் மரியாதைக்குரிய டாக்டர் ஜெகில், இரவில் வேறு பெயரில் வேறு ஆள். 1886 ஜனவரியில் புத்தகம் வெளிவந்தது, இங்கிலாந்து பயந்து நடுங்கியபடியே படித்தது. தங்கள் கதைதான் என்று உள்ளுக்குள் எல்லோருக்கும் தெரியும் போலிருக்கிறது. ஸ்டீவன்சனுக்கு அதற்கு ஒரு மருந்துக் குப்பி தேவைப்பட்டது. மிகெல் சொன்னது உண்மையென்றால், சுல்தானுக்கு ஒரு விசிட்டிங் கார்டு போதுமாக இருந்திருக்கிறது.

கல்யாண வாக்கை மீறினால் வழக்கு என்பது விக்டோரியா காலத்தின் தேசியப் பொழுதுபோக்கு. டிக்கன்ஸின் பிக்விக், தன் வீட்டுக்காரம்மாவிடம் வேலைக்காரன் வைப்பதைப் பற்றிக் கேட்கப்போய், அந்த அம்மாள் அதைக் கல்யாணப் பேச்சு என்று எடுத்துக்கொண்டு அவர் கையிலேயே மயங்கி விழுந்து, எழுநூற்றைம்பது பவுன் நஷ்டஈடு தீர்ப்பாகி, கட்டமாட்டேன் என்று அவர் ஜெயிலுக்கே போகிறார். 1875இல் கில்பர்ட்டும் சல்லிவனும் இதையே இசை நாடகமாக்கினார்கள். அதில் தீர்ப்புச் சொல்ல அலுத்துப்போன நீதிபதி, பெண்ணைத் தானே கட்டிக்கொள்கிறார்.

அரங்கில் சிரித்தவர்களில் ஆண்களே அதிகம் என்பது என் ஊகம். பெண்ணுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணுக்குக் கல்யாணம்தான் வேலை, கல்யாணம்தான் சம்பளம், கல்யாணம்தான் ஓய்வூதியம். விட்டால் யார் வீட்டிலாவது பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் கவர்னஸ் வேலை. அந்தச் சுகத்தை ஜேன் அயரில் சார்லட் பிரான்டே எழுதியிருக்கிறார். மணமான பெண் தன் சொத்தைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளவே 1882இல் ஒரு சட்டம் வரவேண்டியிருந்தது. வாக்கு மீறல் வழக்கில் வாதியும் பிரதிவாதியும் கூண்டேறிச் சாட்சி சொல்லலாம் என்பதே 1869இல்தான் வந்தது. அதற்கு முன் ஏமாந்தவளே வாய் திறக்கக்கூடாது. அவளுக்காக வக்கீல் அழுவார். ஆக, ஜென்னி மிகெல் நீதிமன்றப் படியேறியதைப் பேராசை என்று தள்ளிவிட முடியாது. அவர் கையிலிருந்த ஒரே ஆயுதம் அதுதான்.

வழக்கு 1893இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போனது. பெரிய நீதிபதி எஷர் பிரபு. சுல்தான் தரப்பு, 'அவர் வாக்குக் கொடுக்கவில்லை' என்று வாதாடி நேரத்தை வீணாக்கவில்லை. 'அவர் ஒரு நாட்டின் அரசர். அவரை உங்கள் நீதிமன்றம் விசாரிக்க முடியாது' என்றது. அவ்வளவுதான்.

அப்படியா, அவர் உண்மையில் அரசர்தானா? நீதிமன்றம் யாரைக் கேட்கும்? குடியேற்ற அமைச்சகத்தைக் கேட்டது. இங்கேதான் சுவாரசியம். எந்த அமைச்சகம் ஜொகூரை எப்போது விழுங்கலாம் என்று நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டிருந்ததோ, அதே அமைச்சகம் பேனாவை எடுத்து எழுத வேண்டிவந்தது. ஜொகூர் சுதந்திர நாடு. அதற்கென்று படை இருக்கிறது. தபால் துறை இருக்கிறது. நீதிமன்றங்கள் இருக்கின்றன. சுல்தான் வீரப்பட்டங்கள் நிறுவியிருக்கிறார், விருதுகள் வழங்குகிறார். வேறென்ன வேண்டும்?

வெளிநாட்டு உறவைப் பிரிட்டனிடம் ஒப்படைத்துவிட்டாரே, அப்புறம் என்ன அரசர் என்று மிகெல் தரப்பு கேட்டது. அதனால் இறையாண்மை போய்விடாது என்றார்கள் நீதிபதிகள். சரி, பொய்ப் பெயரில் குடிமகனாக வாழ்ந்தாரே, அரச சலுகையை அப்போதே கைவிட்டுவிட்டதாக ஆகாதா? ஆகாது. அரசர்கள் மாறுவேடத்தில் போவது உண்டு. சலுகையை விடுவதானால் நீதிமன்றத்தின் முன் வந்து நிற்கும் நேரத்தில் விட வேண்டும். அதற்கு முந்தைய பேச்சு எதுவும் கணக்கில் வராது. காதல் வசனமும் வராது என்று பொருள் கொள்ளலாம். வழக்கு தள்ளுபடி. கில்பர்ட் நாடகத்து நீதிபதி மாதிரி எஷர் பிரபு பெண்ணைக் கட்டிக்கொள்ளவும் முன்வரவில்லை.

அந்த வாக்குறுதி உண்மையா பொய்யா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்கவே இல்லை. ஜென்னி மிகெலுக்குச் சல்லிக்காசு கிடைக்கவில்லை. ஜொகூருக்கோ, தன்னை ஆளத் துடித்தவர்கள் கையாலேயே எழுதித்தந்த சுதந்திரப் பத்திரம் கிடைத்தது. மாறுவேடத்தில் நகர்சோதனை போன ராஜாக்கள் கதை நம்மிடம் நிறைய இருக்கிறது. மாறுவேடம் போட்டதாலேயே 'ராஜா' என்று முத்திரை வாங்கிவந்தவர் இவர் ஒருவர்தான்.

1895 ஒரு வேடிக்கையான வருஷம். பிப்ரவரியில் ஆஸ்கர் வைல்டின் நாடகம் லண்டனில் அரங்கேறியது: ஊரில் ஒரு பெயர், பட்டணத்தில் ஒரு பெயர் என்று வாழும் கனவானும், அந்தப் பெயரை நம்பிக் காதலிக்கும் பெண்ணும். ஏப்ரலில் கான்ராடின் முதல் நாவல் வந்தது. மலாய்த் தீவுகளில் தோற்றுப்போன ஒரு வெள்ளைக்காரனின் கதை. ஆங்கிலேய அதிகாரி ஸ்வெட்டன்ஹாமும் அதே வருஷம் மலாய்க்காரர்களைப் பற்றி ஒரு கட்டுரைத் தொகுப்புப் போட்டார். எல்லோரும் மலாய்க்காரர்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தபோது, ஏப்ரல் 14ஆம் தேதி ஜொகூர் தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது. மலாய் மாநிலங்களிலேயே முதல் எழுத்து வடிவ அரசியல் சட்டம். நாட்டின் எந்தப் பகுதியையும் அந்நியருக்குக் கொடுக்கக்கூடாது என்று அதில் ஒரு விதி. என்னைக் கேட்டால், அந்த வருஷத்தின் மலாய் நாட்டுப் புத்தகங்களில் அதுவே சிறந்தது.

அதே வருஷம் ஜூன் 4ஆம் தேதி, லண்டன் சவுத் கென்சிங்டனில் பெய்லிஸ் ஹோட்டலில் சுல்தான் காலமானார். பேக்கர் என்ற பெயரில் இல்லை, சொந்தப் பெயரில். உடல் ஜொகூருக்கு வந்து செப்டம்பரில் மஹ்மூடியா அரச கல்லறையில் அடக்கமானது. அவர் தொடங்கிய பள்ளிவாசல் 1900இல் முடிந்தது. ஸ்கூடாய் சாலைப் பக்கம் போகிறவர்கள் நிமிர்ந்து பாருங்கள். மினாராக்கள் இங்கிலாந்து மணிக்கூண்டுகள் போலவே இருக்கும். விக்டோரியா மகாராணி அதற்கு அடுத்த வருஷம் போய்ச் சேர்ந்தார்.

சுதந்திரப் பத்திரம் எவ்வளவு நாள் செல்லுபடியானது? 1914இல் அபு பக்காரின் மகன் சுல்தான் இப்ராகிம், சொன்னபடி கேட்க வேண்டிய ஒரு பொது ஆலோசகரை ஏற்க நேர்ந்தது. எஷர் பிரபுவின் தீர்ப்பு மட்டும் சாகவில்லை. 1924இல் கிளந்தான் அரசு மேல் ஓர் ஆங்கிலக் கம்பெனி போட்ட வழக்கிலும், அரசாங்கம் சொன்னால் அதுதான் இறுதி என்று அதே பாதையில்தான் போனார்கள்.

கல்யாண வாக்கு மீறல் வழக்கை இங்கிலாந்து 1970இல் சட்டம் போட்டு ஒழித்துவிட்டது. மலேசியாவில் ஒழிக்கவில்லை, நிச்சயம் செய்துவிட்டுக் கைவிட்டவர் மேல் இன்றும் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம், தமிழ்க் குடும்பங்களே போட்டிருக்கின்றன. ஆகவே வேறு பெயரில் பெண் தேடப் புறப்படும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதலில் ஒரு நாட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.